வண்டியை மாற்றும் முன்பு

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது என் தங்கையின் மகன் ஒரு பட்டியலைக் கொண்டுவந்து நீட்டினான். புதிதாக வாங்கிய தார் ஜீப்புக்கு அவன் பூட்ட நினைத்திருந்த பொருள்களின் பட்டியல் அது. வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தும் ஸ்பிரிங்குகள், பெரிய டயர்கள், இரும்புப் பம்பர், வின்ச், கூரை மேல் ஒரு வரிசை விளக்குகள் என நீண்டு, அடியில் கூட்டுத்தொகை மூன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது.

"மாமா, இதுல எதை முதல்ல போடலாம்?" என்று கேட்டான்.

"தார் ரோட்டை விட்டு வண்டியை எத்தனை தடவை இறக்கியிருக்கே?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவன் சிரித்தான். ஒரு தடவைகூட இல்லை.

அன்று நான் சொன்ன பதில் அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது. வாலிப வயதில் எனக்கு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நானும் கேட்டிருக்க மாட்டேன். ஷார்ஜாவில் கழித்த பதினெட்டு ஆண்டுகளில் இத்தகைய வண்டிகளை வைத்திருந்தும், மாற்றியமைத்தும், மணலில் சிக்கியும் நான் கற்றுக்கொண்டவற்றை நிதானமாக எழுதிவைப்பது அவனுக்கும் அவனைப் போன்ற பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்குப் பணம் கொடுக்கும் பெற்றோரும் இதை வாசிக்கலாம்.

என் முதல் வண்டி இரண்டாம் கையாக வாங்கிய ஒரு பழைய பஜேரோ. பணம் இல்லாததால் அதில் எதையும் மாற்றவில்லை. அந்த வண்டியிலேயே மலீஹாவின் பாறைக் குன்றைச் சுற்றினோம். ஹத்தா போகும் வழியிலுள்ள அல் பதாயர் செம்மணல் மேடுகளின் ஓரங்களில் ஓடினோம். ஓமான் எல்லையோர வாதிகளில் கூழாங்கற்களின் மேல் ஊர்ந்தோம். போக முடியாமல் திரும்பிய இடங்கள் இருந்தன. திரும்ப முடியாமல் நின்ற இடம் ஒன்றுகூட இல்லை.

சம்பளம் உயர்ந்ததும் பிராடோ வந்தது. அத்துடன் ஆசையும் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் நண்பர்கள் கூடும் இடத்தில் யார் வண்டி எவ்வளவு உயரம், யார் டயர் எவ்வளவு அகலம் என்பதுதான் பேச்சு. முதலில் டயர்களை மாற்றினேன். 265/65 ஆர் 17 என்ற அளவிலிருந்து 285/70 ஆர் 17-க்கு உயர்ந்தேன். அங்கே தொடங்கியது நான் பிறகு "கடன் சங்கிலி" என்று பெயரிட்ட ஒன்று.

கணக்கைப் பாருங்கள். பழைய டயரின் விட்டம் சுமார் 776 மில்லிமீட்டர். புதியதன் விட்டம் சுமார் 831. வித்தியாசம் 55. ஆனால் அச்சு உயர்வது அதில் பாதிதான். ஆக, பின் அச்சின் அடியில் எனக்குக் கிடைத்த கூடுதல் இடைவெளி 27 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம். அதற்கு ஈடாக நான் கொடுத்தவை பல. வேகமானி 100 காட்டும்போது வண்டி உண்மையில் 107-இல் ஓடியது. கனமான சக்கரத்தைச் சுழற்ற எஞ்சின் திணறியது. நிறுத்தவும் பிரேக் கூடுதல் தூரம் எடுத்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் உள்விளிம்பில் உரசியது. உரசாமலிருக்க வண்டியை உயர்த்தினேன். உயர்த்தியதால் முன் சக்கரங்களுக்குத் திறனைக் கொண்டுசெல்லும் தண்டுகளின் சாய்வு கூடியது. ஓராண்டில் அவற்றின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மணல் உள்ளே புகுந்து, மூட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. பிறகு இரும்புப் பம்பரும் வின்ச்சும் வந்தன. முன்புறம் கனத்துத் தாழ்ந்தது. அதைத் தூக்க இன்னும் வலுவான ஸ்பிரிங் தேவைப்பட்டது. அந்த ஸ்பிரிங்கால் வெறும் வண்டியில் பயணம் செய்யும்போது பின் இருக்கையில் பிள்ளைகள் குலுங்கினார்கள். ஒரு லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் ஓடிய வண்டி ஐந்துக்கு இறங்கியது.

ஒவ்வொரு மாற்றமும் அடுத்த மாற்றத்தைக் கேட்டது. பொறியாளர்கள் ஒரு வண்டியை வடிவமைக்கும்போது எடை, உயரம், பிரேக், கியர், ஸ்பிரிங் எல்லாவற்றையும் ஒரு தராசில் வைத்து நிறுத்துத் தருகிறார்கள். அதன் ஒரு தட்டில் கை வைத்தால் மறு தட்டு அசையாமல் இருக்காது. வண்டியை மாற்றவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. எந்த மாற்றத்துக்கும் விலைச்சீட்டில் அச்சிடாத இரண்டாவது விலை ஒன்று உண்டு என்பதுதான் பொருள்.

இந்த வகை வண்டிகளின் வரலாறும் இதையே சொல்கிறது. 1941-இல் அமெரிக்க இராணுவத்துக்காக உருவான வில்லிஸ் ஜீப்பின் எடை ஏறத்தாழ 1,100 கிலோ. அதன் எஞ்சினுக்கு 60 குதிரைத்திறன். டயர்கள் இன்றைய கண்ணுக்கு மெலிந்தவை. எடை குறைவு, தாழ்ந்த கியர், நான்கு சக்கர இயக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைச் சேற்றிலும் மணலிலும் நடத்தின. 1945-இல் மஹிந்திரா அண்ட் முஹம்மது என்ற பெயரில் தொடங்கி, பிரிவினைக்குப் பின் 1948-இல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆன நிறுவனம் நம் நாட்டில் முதலில் பொருத்தி விற்றதும் இந்த ஜீப்பைத்தான். மருமகன் வைத்திருக்கும் தார் அதன் வழித்தோன்றல்.

இனி, நான் எழுதத் தயங்கிய பகுதிக்கு வருகிறேன்.

ஒரு டிசம்பர் மாத வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின், மனைவியையும் இரண்டு மகள்களையும் ஏற்றிக்கொண்டு அல் மதாம் பக்கத்து மணலுக்குள் இறங்கினேன். முன்னே போன நண்பர்களை எட்டிப் பிடித்துவிடலாம் என்ற எண்ணம். கூரைக் கேரியரில் கூடாரம், விறகு, தண்ணீர்க் கேன்கள், டீசல் கேன் என நூறு கிலோவுக்கு மேல் இருந்தது. ஒரு மேட்டில் ஏறும்போது உச்சிக்குச் சற்று முன்பாக வேகம் செத்தது. ஏறிய தடத்திலேயே நேராகப் பின்னோக்கி இறங்கியிருக்க வேண்டும். நான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வண்டி சரிவுக்குக் குறுக்கே நின்றது. மேல்பக்கச் சக்கரங்கள் இரண்டும் மணலை விட்டு எழுந்தன. கீழ்ப்பக்க முன் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. சாய்ந்தபடி நின்றுபோனதால் உருளவில்லை. அல்ஹம்துலில்லாஹ். மேல்பக்கக் கதவு வழியாகப் பிள்ளைகளை வெளியே எடுத்தேன். இளையவளின் உதடு கிழிந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது.

வின்ச் இருந்தது, அதன் கம்பியை மாட்ட ஒரு மரம்கூட இல்லை. விளக்குகள் இருந்தன, அவற்றின் வெளிச்சத்தில் மணல் மட்டும்தான் தெரிந்தது. மண்வெட்டி இல்லை. இரண்டாவது வண்டி இல்லை. கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை. எங்கே போகிறோம் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.

மஃரிபுக்கு வெகுநேரம் கழித்து, வெளிச்சத்தைக் கண்டு ஒட்டகப் பண்ணையிலிருந்து ஒரு சூடானியப் பெரியவர் பழைய பிக்கப்பில் வந்தார். எதையும் மாற்றாத வண்டி. டயர்களில் காற்று பாதிக்கும் கீழே. அவர் முதலில் செய்த வேலை கூரைச் சுமையை இறக்கியது. பிறகு மேல்பக்கச் சக்கரங்களின் அடியிலிருந்த மணலைத் தம் மண்வெட்டியால் தோண்டித் தோண்டி வண்டியை மட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஸ்டெப்னியை மாட்டி, மற்ற டயர்களிலும் காற்றை இறக்கி, சரிவின் போக்கிலேயே நேராகக் கீழே இறக்கச் சொன்னார். ஒரு மணி நேர வேலை. பணத்தை வாங்க மறுத்தார். எங்களோடு அமர்ந்து தேநீர் மட்டும் குடித்தார். புறப்படும்போது வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவும் எதற்கு என்று அரபியில் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வீடு திரும்பும் வழியில் மனைவி ஒன்றே ஒன்று கேட்டார். "வண்டிக்கு இத்தனை பூட்டுனீங்களே, ஓட்டக் கத்துக்க ஒரு நாளாவது போனீங்களா?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் கற்கப் போனேன். அந்தக் குளிர்காலம் முழுவதும், அனுபவசாலிகள் வழிநடத்தும் குழுவில், புதியவர்கள் வரிசையில் கடைசி வண்டியாக ஓட்டினேன். அங்கே கற்றவை எளிமையானவை; விலை மலிவானவை.

சாலையில் 35 பிஎஸ்ஐ இருக்கும் டயரை மணலில் 15 அளவுக்கு இறக்கினால் அதன் தடம் நீள்கிறது. அதே எடை அதிகப் பரப்பில் பரவி, வண்டி மணலுக்குள் புதையாமல் மேலே மிதக்கிறது. என் பெரிய டயர்கள் தந்ததைவிடப் பெரிய பயனை இந்தச் செலவில்லாத வேலை தருகிறது. அளவுக்கு மீறி இறக்கினால் டயர் ரிம்மை விட்டுக் கழலும். மீண்டும் சாலை ஏறும் முன் காற்றை நிரப்பாமல் வேகமெடுத்தால் டயர் சூடேறி வெடிக்கும். ஆகவே அழுத்தமானியும் சிறிய கம்ப்ரசரும் முதல் தேவை. மேட்டில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். சக்கரம் சுழன்றால் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் நிறுத்திவிட வேண்டும். மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். தனி வண்டியாகப் போகக் கூடாது. சிக்கிய வண்டியை இழுக்க, பின்னால் டிரெயிலர் மாட்டும் குமிழில் கயிற்றைக் கட்டவே கூடாது. அது தெறித்து மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். அடிச்சட்டத்தோடு பிணைத்த கொக்கியில் மட்டுமே கட்ட வேண்டும். ஒருவருக்குப் போதும் என்று தோன்றும் தண்ணீரைப் போல இரு மடங்கு எடுத்துச்செல்ல வேண்டும்.

இன்று என்னிடம் யாராவது ஆலோசனை கேட்டால் வரிசையை இப்படித்தான் சொல்வேன். முதலில் ஓராண்டு வண்டியை வந்தபடியே ஓட்டுங்கள். பராமரிப்பில் குறை வைக்காதீர்கள். அழுத்தமானி, கம்ப்ரசர், மண்வெட்டி, இழுவைக் கயிறு, முதலுதவிப் பெட்டி இவற்றை வாங்குங்கள். டயர் தேயும்போது அதே அளவில் நல்ல டயராகப் போடுங்கள். இவற்றுக்குப் பிறகும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வண்டி தோற்குமானால், அந்தத் தோல்விக்குரிய ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். வண்டியின் அடிப்பாகம் பாறையில் அடிபட்டால் அடித்தகடு போடுங்கள். படத்தில் அழகாக இருக்கிறது என்பது எந்தப் பொருளையும் பூட்டுவதற்குக் காரணமாகாது.

ஊரிலுள்ள பிள்ளைகளுக்குச் சட்டத்தையும் நினைவூட்ட வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. முன்புற இரும்புத் தடுப்புகளை அகற்ற நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. அவை மோதலின்போது பாதசாரிகளின் உயிருக்கு ஆபத்தானவை. வழியில் நடந்து போகிறவரின் பாதுகாப்பும் நம் பொறுப்பில் சேர்ந்ததே. கடற்கரையில் வண்டி இறக்குவதும் அப்படித்தான். ஆண்டின் முதல் மாதங்களில் நம் கரைகளில் ஆமைகள் முட்டையிடுகின்றன. ஊருக்குப் பக்கத்துத் தேரியின் செம்மணலில் ஒரு பகுதி காப்புக்காடு. அனுமதியில்லாமல் நுழைய நமக்கு உரிமையில்லை.

கடைசியாகப் பணம். ஐந்தாண்டுகளில் அந்தப் பிராடோவுக்கு நான் கூடுதலாகச் செலவழித்தது 28,000 திர்ஹம். விற்கும்போது வாங்க வந்தவர், கழற்றிய பழைய பாகங்கள் இருக்கின்றனவா என்றுதான் கேட்டார். என் மாற்றங்களுக்கு ஒரு திர்ஹம்கூட ஏற்றித் தரவில்லை. வீண்விரயம் என்ற சொல்லைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் அது விருந்துச் சோற்றையும் கல்யாணப் பந்தலையும் பற்றியது என்று நினைத்திருந்தேன். பட்டறையில் கொடுக்கும் பணத்துக்கும் அது பொருந்தும் என்று தோன்றவேயில்லை. அந்த ஐந்தாண்டுகளில் உம்மாவை உம்ராவுக்கு அழைத்துப்போவதை "அடுத்த வருசம் பார்க்கலாம்" என்று இரண்டு முறை தள்ளிப்போட்டேன். பிறகு அழைத்துப்போனேன். அதற்குள் அவருக்கு முழங்கால் போய்விட்டது. தவாஃபைச் சக்கர நாற்காலியில்தான் செய்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது என்னிடம் எதையும் மாற்றாத ஒரு பழைய வண்டி இருக்கிறது. குளிர்காலத்தில் மாதம் ஒரு முறை, இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து மணலுக்குப் போகிறோம். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறோம். காற்றை இறக்கும் வேலை இளைய மகளுடையது. அழுத்தமானியைப் பிடித்துக்கொண்டு நான்கு சக்கரங்களுக்கும் போய்வருவாள்.

ஊரிலிருந்து கிளம்பும் முன் மருமகனுக்கு ஓர் அழுத்தமானியும் மடக்கு மண்வெட்டியும் வாங்கிக் கொடுத்தேன். இரண்டும் சேர்த்து மூவாயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. பட்டியலைக் கிழித்துவிடு என்று சொல்லவில்லை. ஓராண்டு மடித்து வைத்திரு, அதன்பின் எடுத்துப் பார், எத்தனை வரிகள் மிஞ்சுகின்றன என்று எனக்கு எழுது என்றுதான் சொன்னேன்.