பழைய பாக்கி இருக்கட்டும், நாளைக்கு வாருங்கள்

மளிகைக் கடை நடத்தும் நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. மாதப் பற்று வைத்து வாங்குகிற வாடிக்கையாளர் இரண்டு மாதம் பாக்கி கட்ட முடியாமல் போனால், மூன்றாம் மாதம் நம் கடைப் பக்கம் தலைகாட்ட மாட்டார். எதிர்ச்சாரியில் குடையைச் சாய்த்துக்கொண்டு நடப்பார். கையில் ரொக்கம் இருந்தாலும் வேறு கடையில்தான் வாங்குவார். அவரைத் தடுப்பது பணம் அல்ல, கூச்சம். அனுபவப்பட்ட வியாபாரி என்ன செய்வார்? "பழசு இருக்கட்டும் அண்ணே, இன்னிக்கு வேண்டியதை வாங்கிட்டுப் போங்க" என்று கூப்பிட்டுவிடுவார். பழைய பாக்கியும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேரும்.

கடன் வசூலைப் பற்றி எழுத வந்ததாக நினைக்க வேண்டாம். காலை நடையையும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டையும் தொடங்கிவிட்டுப் பாதியில் விட்டவர்கள் நம் சங்கத்தில் எத்தனையோ பேர். அவர்கள் திரும்ப வராததற்குச் சோம்பல்தான் காரணம் என்று நாமாக முடிவு கட்டியிருந்தோம். அது தவறு. பெரும்பாலும் அது பாக்கிக்காரரின் கூச்சம்தான்.

படப்பையில் நாங்கள் எட்டுப் பேர் விடியற்காலை நடக்கிறோம். பிரதான சாலையில் நடக்க முடியாது. ஒரகடம் பக்கம் போகும் கன்டெய்னர் லாரிகளும் தொழிற்சாலை பஸ்களும் அந்த நேரத்திலும் ஓய்வதில்லை. ஆகவே ஏரிக்கரைப் பக்கம் போவோம். தை பிறந்ததும் எட்டுப் பேரும் வருவோம். வெயில் காலத்திலும் குறையாது. ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை மூட்டை இறங்கியதும் ஒருவர் நிற்பார். தீபாவளிக்கு எண்ணெய், மைதா, சர்க்கரை விற்பனை சூடு பிடிக்கும்போது மூன்று பேர் நிற்பார்கள். அதோடு ஐப்பசி மழையும் சேர்ந்து கரை முழுக்கச் சேறாகிவிட்டால் எல்லோருமே நின்றுவிடுவோம். பிறகு பொங்கல் சரக்கு. வருடா வருடம் நடக்கும் கதை இது. நம் தொழிலின் சுபாவம் அப்படி. அதைக் குற்றம் என்று எண்ணி மனம் குமைவதில் பயனில்லை. சீசன் முடிந்த பிறகு எத்தனை நாளில் திரும்பி வருகிறோம் என்பதே கேள்வி.

உட்கார்ந்தே இருக்கும் தொழிலாக நம் தொழில் எப்போது மாறியது என்று யோசித்துப் பார்த்தோம். மூத்தவர்கள் கொத்தவால் சாவடிக்கு விடியுமுன் போய், மண்டி மண்டியாக ஏறி இறங்கி, சரக்கு பார்த்து, வண்டி பிடித்து வந்தவர்கள். காய்கறி மார்க்கெட் 1996ல் கோயம்பேட்டுக்குப் போனது. இப்போது பாதிச் சரக்கு ஏஜென்சி வண்டியில் கடை வாசலுக்கே வருகிறது. 75 கிலோ அரிசி மூட்டையைக் கைத்தாங்கலாக இறக்கிய காலமும் போய்விட்டது. 25 கிலோ பைதான். அதுவும் 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பைக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் 26 கிலோ ஆயிற்று. வரிக்குப் பயந்து அரிசிப் பையே ஒரு கிலோ எடை கூடிவிட்டது, நாம் கூடாமல் இருப்போமா? காகிதத்தில் பொட்டலம் மடித்துச் சணல் சுற்றும் கைவேலைகூட இல்லை. கல்லாவில் உட்கார்ந்தபடியே பதினான்கு மணி நேரம் கழிகிறது. கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. நல்ல சட்டம். முதலாளியை எழுந்து நிற்கச் சொல்லவும் ஒன்று போட்டால் தேவலை.

சாப்பாட்டுக் கதை இன்னும் மோசம். மதியச் சாப்பாடு மூன்றரைக்கு, இரவுச் சாப்பாடு கடை அடைத்துப் பதினொரு மணிக்கு, பல நாள் புரோட்டா. நடுவில் சரக்கு பார்க்கிற சாக்கில் இரண்டு முந்திரி, ஒரு பிடி காராபூந்தி. டீயை மட்டும் கணக்கு பார்ப்போம். டீக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, நாளைக்கு ஆறு டீ என்றால் ஏறத்தாழ 50 கிராம். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. நம் தராசிலேயே நிறுத்து ஒருமுறை எதிரில் வைத்துப் பாருங்கள். சாமையும் தினையும் சர்க்கரைக்கு நல்லது என்று வாடிக்கையாளரிடம் சொல்லி விற்கிறோம். அதிலும் இருப்பது மாவுச்சத்துதான், அளவு மீறினால் அதுவும் சர்க்கரையை ஏற்றும் என்பதை நமக்கு நாமே சொல்லிக்கொள்வதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ல் வெளியான பெரிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது. அதை எட்டும் நிலையில் இருப்பவர்கள் மேலும் 13.6 கோடி. இந்த இரண்டாம் வகையினரைப் பற்றிச் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006ல் வெளிவந்தது. மூன்று ஆண்டில், சாதாரண ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நடையையும் உணவையும் சீர்செய்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்கள் அளவுக்கு நடையும் பலன் தந்தது. நமக்கு இது சின்ன லாபம் அல்ல.

இனி, சொல்லக் கஷ்டமான ஒன்றைச் சொல்கிறோம். எங்கள் எட்டுப் பேரில் ஒருவர் ஒரு வருடம் தீபாவளிக்கு நின்றவர் பொங்கல் கழிந்தும் வரவில்லை. எடை கூடியிருந்தது. வழியில் பார்த்தால் "நாளையிலிருந்து வர்றேன்" என்பார். நாங்களும் அவர் வயிற்றைக் காட்டிக் கேலி செய்தோம். பிறகு எங்களைப் பார்த்தாலே கடைக்குள் போய்விடுவார். வரும்போது வரட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். சர்க்கரை பரிசோதனையையும் அவர் நிறுத்திவிட்டார் என்பது எங்களுக்குத் தெரியாது. சித்திரையில் காலில் ஒரு சின்னப் புண். உணர்ச்சி குறைந்த கால் என்பதால் வலிக்கவில்லை. கவனிக்கும்போது முற்றிவிட்டது, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. நடக்காததால்தான் விரல் போனது என்று சொல்ல மாட்டோம். ஆனால் தினமும் எங்களோடு நடந்திருந்தால், கால் சாய்ப்பதை யாராவது ஒருவர் பார்த்து, "என்ன இது, செருப்பைக் கழற்று" என்று கேட்டிருப்போம்.

பற்றுக்காரரைக் கூப்பிடத் தெரிந்த எங்களுக்குக் கூட்டாளியைக் கூப்பிடத் தெரியவில்லை.

கூப்பிடுவதால் பயன் உண்டா என்றால், அதற்கும் ஆய்வு இருக்கிறது. அதே ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவை எட்டும் நிலையில் இருந்த 537 வேலைக்குப் போகும் ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் தொடக்கத்தில் அறிவுரை சொன்னார்கள். ஒரு பாதியினருக்கு மட்டும் அதன் பிறகும் செல்போனில் அவ்வப்போது நடை, உணவு பற்றிச் சிறு செய்தி அனுப்பி வந்தார்கள். இரண்டு வருடத்தில் செய்தி பெற்றவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கும், பெறாதவர்களில் 27 பேருக்கும் நீரிழிவு வந்தது. 2013ல் வெளியான முடிவு இது. ஒரு வரிச் செய்திக்கு இவ்வளவு மதிப்பு என்றால், "காலையில் வர்றீங்களா?" என்று நேரில் போய்க் கேட்பதற்கு எவ்வளவு இருக்கும்.

திரும்பி வருகிறவர் முதல் நாளே பழைய வேகத்தில் நடந்து பாக்கியை அடைக்கப் பார்க்கிறார். மூன்றாம் நாள் முட்டி வலி, நான்காம் நாள் வீடு. 2023 நவம்பரில் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று பார்த்து மலைப்பவர்களும் உண்டு. பழகியவருக்கு அது சரி. விட்டுத் தொடங்குகிறவருக்குப் பத்து நிமிடமே போதுமான கைமுதல். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட நடையையாவது கேட்கிறது. ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடமாவது இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2020ல் எடுத்துவிட்டது. ஆகவே சாப்பிட்டபின் கடை வாசலில் ஐந்து நிமிடம் நடந்தாலும் வரவில்தான் எழுதலாம். மார்வலி உள்ளவர்கள், காலில் புண் உள்ளவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

சாப்பாட்டிலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். நாங்கள் முதலில் டீயில் ஒரு கரண்டியைக் குறைத்தோம். அடுத்து, இரவுச் சாப்பாட்டைக் கடைக்கே வரவழைத்து எட்டரைக்கு முடித்தோம். வியாபார நேரம்தான், ஆனால் கல்லாவைப் பத்து நிமிடம் பையனிடம் விட்டால் கடை ஓடிப்போகவில்லை. மூன்றாவதாக, கொறிக்கும் பண்டங்களைக் கைக்கெட்டாத தட்டில் மாற்றி வைத்தோம். இதில் எங்களில் இருவர் இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

விரல் இழந்த நண்பர் புண் ஆறி, மருத்துவர் அனுமதித்த பிறகு, அவர் சொன்ன காலணியோடு வருகிறார். மற்றவர்கள் இரண்டு சுற்று போனால் அவர் கால் சுற்று. யாரும் கேலி செய்வதில்லை என்பது எழுதாத விதி. இரண்டு நாள் ஒருவர் வராவிட்டால் மூன்றாம் நாள் கடை திறக்குமுன் ஒருவர் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பது எழுதி வைத்த விதி. தீபாவளி சீசனுக்கும் அதில் விலக்கு இல்லை. நடக்க முடியாத நாளிலும் பத்து நிமிடம் டீக்கடை வாசலில் முகம் காட்டிவிட்டுப் போகலாம், டீ மட்டும் சர்க்கரை இல்லாமல்.

படப்பை உறுப்பினர்களில் விட்டுப்போனவர்கள் எந்த நாளும் வரலாம், காலை ஐந்தே காலுக்குக் கிளம்புகிறோம். மற்ற ஊர்ச் சங்கத்தார் சீசன் நாட்களை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று எழுதினால் எங்களுக்கும் உதவும்.