உப்புக்காற்றின் மேல் பழி போடாதீர்கள்

கடலோரச் சிற்றூரில் வீடு வாங்குவது பணத்தைத் தண்ணீரில் கொட்டுவது, உப்புக்காற்று பத்து வருடத்தில் சுவரைத் தின்றுவிடும் என்று வாதிடுகிறார் ஒரு கட்டுரையாளர். அவர் ஒருமுறை தரங்கம்பாடிக்குப் போய், 1792-இல் எடுத்துக் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்து பழைய வீடுகளைப் பார்க்க வேண்டும்.

உப்பு முதலில் கடிப்பது இரும்பை. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருவேறிப் பருத்து, பூச்சைப் பெயர்த்துத் தள்ளுகிறது. அந்தப் பழைய வீடுகளில் கம்பியே இல்லை. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, தேக்கு உத்தரம். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, சுவர் பொரிந்து உதிரும். குற்றம் காற்றுடையதா, கொத்தனாருடையதா?

கடல் அரிப்பு பொய்யல்ல. தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனது, 2004-இல் சுனாமியும் வந்தது. ஆகவே கரையை ஒட்டி வாங்காதீர்கள். பட்டா, வில்லங்கத்தோடு கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தையும் பாருங்கள். பெரிய மருத்துவமனைக்கு வெளியூர்தான் போகவேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

"அங்கே பொழுது போகாது" என்று அவர் சொல்வதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. விடியலில் படகு கரையேறியதும் கூடையில் துள்ளும் சங்கராவை விலை பேசி வாங்கலாம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் ஓய்ந்திருக்க, கட்டுமரமும் நாட்டுப்படகும் கொண்டுவருவதுதான் குழம்புக்கு. சாயங்காலம் தரங்கம்பாடிக் கோட்டை மதிலோரம் ஊரே வந்து உட்கார்ந்து பேசுகிறது. மாநகர அடுக்ககத்தில் எதிர்வீட்டுக்காரர் பெயர் நமக்குத் தெரியுமா?