வேலிக்குள் குகை, குழாயில் தண்ணீர்

டெக்சஸ் மாநிலத்தின் டெனிசன் ஊரில் ரயில்வே நிறுவனம் ஒன்று நீராவி எஞ்சின்களுக்காகப் பெரிய கிணறு வெட்டியது. நாளொன்றுக்கு 25,000 காலன் இறைத்தது. பக்கத்து மனையில் குடியிருந்த ஈஸ்ட் என்பவரின் வீட்டுக் கிணறு வற்றிப்போனது. அவர் நீதிமன்றம் போனார். வழக்கு மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1904-இல் வந்த தீர்ப்பு ரயில்வேக்குச் சாதகம். அவரவர் நிலத்துக்கடியில் கிடைக்கும் தண்ணீரை அவரவர் இறைத்துக்கொள்ளலாம், பக்கத்துக் கிணறு வற்றினால் அதற்கு யாரும் பொறுப்பில்லை என்றது நீதிமன்றம். அது சொன்ன காரணங்களில் ஒன்று இன்றைக்கும் யோசிக்க வைக்கிறது. நிலத்துக்கடியில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்பதெல்லாம் மறைபொருள். மறைபொருளுக்குச் சட்டம் எழுத முடியாது என்பதே அது.

அந்த மறைபொருளில் பெரும்பகுதி இன்று துலங்கிவிட்டது. துலக்கியவர்களில் நிலவியல் பேராசிரியர்கள் உண்டு, நீரியல் பொறியாளர்கள் உண்டு. இவர்களோடு, தலைக்கவசத்தில் விளக்கைப் பொருத்திக்கொண்டு மாட்டுப் பண்ணைகளின் வாசலில் போய் நின்று, 'உங்கள் நிலத்துக் குகைக்குள் இறங்கிப் பார்க்கலாமா?' என்று கேட்ட ஒரு கூட்டமும் உண்டு. சம்பளம் வாங்காமல், விடுமுறை நாட்களில், சேற்றில் ஊர்ந்தபடி நாடாவும் திசைகாட்டியும் வைத்து வரைபடம் எழுதிய குகை ஆர்வலர்கள் அவர்கள். டெக்சஸில் அவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். மாநிலத்தின் நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தனியார் கையில் இருக்கிறது. குகைகளும் அப்படியே.

சான் அன்டோனியோ, ஆஸ்டின் நகரங்களுக்கு மேற்கேயும் வடக்கேயும் விரியும் குன்றுப் பகுதிக்கு அடியில் கிடப்பது எட்வர்ட்ஸ் சுண்ணாம்புப்பாறை. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல் இருந்தது. கிளிஞ்சல்களின் ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிப் பாறையாயின. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் பல்கோனெஸ் பிளவு நெடுகிலும் உடைந்து சரிந்தது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் விரிசல்களைக் கரைத்து அகலமாக்குகிறது. விரல் நுழையாத இடுக்கு, பல லட்சம் ஆண்டுகளில் ஆள் நடக்கும் சுரங்கமாகிறது. நீர்மட்டம் தாழ்ந்து சுரங்கத்தில் காற்று புகுந்ததும் எல்லாம் தலைகீழாகிறது. கூரையிலிருந்து சொட்டும் நீர் வாயுவை வெளியே விட்டு, சுமந்துவந்த சுண்ணாம்பை அங்கேயே இறக்கிவைக்கிறது. கூரையில் கல்விழுது, தரையில் கல்முளை.

இந்தப் பாறையில் மணல் இல்லை. ஆகவே வடிகட்டல் இல்லை. ஆற்று மணலில் தண்ணீர் மாதக்கணக்கில் கசிந்து தெளியும். சுண்ணாம்புக் குகையிலோ அது ஆறு போலவே ஓடுகிறது. ஆஸ்டின் நகரத்தின் பார்ட்டன் ஊற்றை ஆராய்ந்தவர்கள், பல கிலோமீட்டர் தள்ளி, மழைநீர் உள்ளிறங்கும் குழிகளில் தீங்கில்லாத பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றி, ஊற்றுக்கண்ணில் கரித்தூள் பொட்டலம் கட்டிவைத்துக் காத்திருந்தார்கள். சாயம் சில நாட்களிலேயே வந்து சேர்ந்தது. பண்ணையொன்றின் குழியில் செத்த ஆட்டைத் தள்ளினால் அது யாருடைய குழாய்க்குப் போகும் என்ற கேள்விக்கு அதற்குமேல் சான்று வேண்டியதில்லை. பண்ணைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செத்த கால்நடைகளையும் ஓட்டைத் தகரங்களையும் கொட்டிய இடங்கள் அந்தக் குழிகள்தாம். தண்ணீர் எங்கே போகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சான் அன்டோனியோ நெடுங்காலம் ஏறத்தாழ முழுவதுமாக, இந்தப் பாறைக்குள் தண்ணீர் நிறைந்திருக்கும் எட்வர்ட்ஸ் நீரடுக்கை நம்பியே வாழ்ந்தது; இன்றும் அந்நகரத்தின் முதன்மையான நீராதாரம் அதுவே. 1950-களின் கொடும் வறட்சியில், 1956-இல் அந்த நீரடுக்கிலிருந்து பொங்கும் கோமல் ஊற்று மாதக்கணக்கில் நின்றுபோனது. 1991-இல் நகரத்துக்கு அருகே ஒருவர் கெளுத்தி மீன் பண்ணைக்காக ராட்சதக் கிணறு ஒன்றைத் திறந்தார். அது நகரம் முழுவதும் செலவிடும் நீரில் ஏறத்தாழ கால் பங்கை ஒற்றை ஆளாக இழுத்தது. 1904-ஆம் ஆண்டின் தீர்ப்புப்படி அதில் குற்றம் எதுவுமில்லை! ஊற்றுகளில் வாழும் அழிவின் விளிம்பிலுள்ள மீன்களையும் கண்ணில்லாத பல்லியோந்தியையும் முன்னிறுத்திச் சுற்றுச்சூழல் அமைப்பு தொடுத்த வழக்கின் விளைவாகவே, 1993-இல் எட்வர்ட்ஸ் நீரடுக்கு ஆணையம் பிறந்து இறைப்புக்கு அளவு வைத்தது.

சட்டமே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இது இனிப்பான கதை. ஆனால் குகைகளின் கதை வேறு பக்கம் போகிறது. குகைக்குள் மட்டுமே வாழும் கண்ணற்ற சிலந்திகள், வண்டுகள் முதலிய சிற்றுயிர்களில் சிலவற்றை 1988-இலும், சான் அன்டோனியோ இருக்கும் பெக்சார் மாவட்டத்தின் 9 இனங்களை 2000-த்திலும் கூட்டாட்சி அரசு அழிநிலைப் பட்டியலில் சேர்த்தது. நோக்கம் நல்லது. நிலக்காரர் காதில் அது விழுந்த விதம் வேறு: உன் நிலத்தில் குகை இருப்பது தெரிந்தால், உன் நிலம் உன் கையை விட்டுப் போகும். 2012-இல் சான் அன்டோனியோவில் நெடுஞ்சாலைப் பணிக்காகத் தோண்டிய இடத்தில், ஏறத்தாழ மூன்று பத்தாண்டுகளாக யார் கண்ணிலும் படாத குகைச் சிலந்தி ஒன்று அகப்பட்டது. வேலை அப்படியே நின்றது. கீழே போக வேண்டிய சாலையை மேம்பாலமாக மாற்றி வரைய வேண்டியதாயிற்று. அரசின் சாலைக்கே இந்தக் கதி என்றால் நமக்கு என்ன ஆகும் என்று ஒரு பண்ணைக்காரர் கணக்குப் போடுவதில் வியப்பில்லை. இரவோடிரவாக இரண்டு வண்டிக் கல்லைக் கொட்டிக் குகை வாயை மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்? மிரட்டலை மட்டும் நம்பும் பாதுகாப்பு, பாதுகாக்க வேண்டியதையே புதைக்கத் தூண்டுகிறது.

நம்பிக்கை என்ன சாதிக்கும் என்பதற்கும் அதே மண்ணில் சான்று உண்டு. 1960-இல் சான் அன்டோனியோவின் செயின்ட் மேரீஸ் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர், ஒரு குடும்பத்தின் பண்ணையில் இயற்கைப் பாலமாக நின்ற சுண்ணாம்புப் பலகைக்குக் கீழே தேட அனுமதி பெற்றார்கள். முதல் சில பயணங்களில் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. பிறகு அவர்களில் ஒருவரான ஓரியன் நாக்ஸ், கல் குவியலுக்கு இடையிலிருந்து குளிர்ந்த காற்று வீசுவதை உணர்ந்தார். காற்று வருகிறதென்றால் அதற்குப் பின்னால் வெளி இருக்கிறது. ஊர்ந்து போனார்கள், கிலோமீட்டர் கணக்கில் கூடங்கள் விரிந்தன. அந்தக் குடும்பம் நிலத்தை விற்கவில்லை. 1964-இல் 'நேச்சுரல் பிரிட்ஜ் கேவர்ன்ஸ்' என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறந்தது. இன்றும் நடத்துவது அதே குடும்பம்.

மேற்கே சட்டன் மாவட்டத்தில் இன்னொரு பண்ணை. ரக்கூனை விரட்டிப்போன நாய் ஒன்று குழிக்குள் மறைந்ததில் குகை வெளிப்பட்டது என்பது உள்ளூர் வழக்கு. உள்ளே சிறிது தூரத்தில் பெரும் பள்ளம் ஒன்று வழியை மறித்தது. பல ஆண்டுகள் யாரும் அதைத் தாண்டவில்லை. 1955-இல் டல்லஸிலிருந்து வந்த ஆர்வலர்கள் பள்ளத்தின் ஓரமாக ஒட்டிய விளிம்பில் கால்வைத்துக் கடந்தார்கள். அப்பால் இருந்ததுதான் சொனோரா குகை. தரையை நோக்கித் தொங்காமல் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் வளையும் கல்முறுக்குகள் அங்கே கூரை முழுவதும் மண்டிக்கிடக்கின்றன. மயிரிழைத் துளைகள் வழியே கசியும் நீர் துளியாகத் திரளாமல், புவியீர்ப்புக்கு அடங்காமல் சுண்ணாம்பைப் படியவைப்பதால் விளையும் வடிவங்கள் இவை. குகையைச் சிதைக்காமல் பாதை அமைத்து 1960-இல் திறப்பதற்கு நிலக்காரரோடு கைகோத்தவர் ஜாக் பர்ச் என்ற ஆர்வலர். ஐந்தே ஆண்டில் அது தேசிய இயற்கை அடையாளச் சின்னமானது. பட்டாம்பூச்சி போல இரு சிறகு விரித்த ஒரு கல்முறுக்கு அந்தக் குகையின் முகமாகவே அறியப்பட்டது. 2006-இல் யாரோ ஒரு பார்வையாளர் அதன் ஒரு சிறகை ஒடித்துவிட்டார். குகைப் படிவங்களை உடைப்பது டெக்சஸ் சட்டப்படி குற்றம். ஒடிந்த சிறகை எந்தச் சட்டம் ஒட்டவைக்கும்? ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வளர்ந்த ஒன்று ஒரு நொடியில் போயிற்று என்பதை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது.

அறிவியலுக்குக் கிடைத்ததும் கொஞ்சமில்லை. கெர் மாவட்டத்தில் தனியார் பண்ணையிலுள்ள ஹால்ஸ் குகையின் தரையில், கடந்த சுமார் 20,000 ஆண்டுகளின் மண்ணும் எலும்பும் வரிசை குலையாமல் படிந்திருக்கின்றன. அதிலுள்ள சிறுவிலங்குகளின் பற்களில் பதிந்த ஸ்ட்ரான்சியம் தனிமத்தை அளந்தவர்கள், இன்று பாறை துருத்திக்கொண்டிருக்கும் அந்தக் குன்றுகளின் மேல் பனியுகக் காலத்தில் தடித்த மண்போர்வை இருந்தது, அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் கரைந்து போயிற்று என்று காட்டினார்கள். பண்ணைக்காரர் தன் ஆடு எதை மேய்கிறது, ஏன் மேய்ச்சல் மெலிந்திருக்கிறது என்று யோசிக்கும்போது தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. பதிலும் அவருடைய நிலத்துக்கு அடியில்தான் கிடந்தது.

டெக்சஸின் மிக நீளமான ஹனி கிரீக் குகை 30 கிலோமீட்டருக்கு மேல் அளக்கப்பட்டிருக்கிறது. பெரும்பகுதி கழுத்தளவு நீரில் நீந்தியும் முங்கியும் எழுதிய வரைபடம் அது. நிலக்காரர் சம்மதித்ததால்தான் உள்ளே எளிதில் இறங்க மேலிருந்து ஒரு துளையே போட முடிந்தது. இத்தகைய உறவுகளுக்கு எழுதாத விதிகள் உண்டு. வேலிக்கதவு திறந்திருந்தால் திறந்தபடியே, மூடியிருந்தால் மூடியபடியே விட்டுப்போக வேண்டும். வரைபடத்தின் ஒரு பிரதி நிலக்காரருக்கு. குகை எங்கே இருக்கிறது என்பதை ஊருக்குச் சொல்லக் கூடாது. வௌவால்களைக் கொல்லும் வெண்மூக்கு நோயின் பூஞ்சை 2017-இல் டெக்சஸில் தென்பட்ட பிறகு, ஒரு குகையின் சேற்றை இன்னொரு குகைக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதும் சேர்ந்துகொண்டது. நிலக்காரருக்கு இருந்த பெரிய பயம் வேறு: விருந்தாளி விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் வழக்கு தன் தலையில் விழுமோ? கட்டணம் வாங்காமல் பொழுதுபோக்குக்கு இடம் தருபவரின் பொறுப்பை மாநிலச் சட்டம் வெகுவாகக் குறைத்து வைத்திருக்கிறது. டெக்சஸில் பாராட்டத்தக்க சட்டங்களில் இது ஒன்று. அது யாரையும் மிரட்டாமல் கதவைத் திறக்கிறது.

நல்லெண்ணம் மட்டும் போதாது. மனைவணிகம் ஏக்கருக்குத் தரும் விலையின் முன் நல்லெண்ணம் எத்தனை தலைமுறை தாங்கும்? கோடிக்கணக்கான வௌவால்கள் கோடையில் குட்டி வளர்க்கும் பிராக்கன் குகைக்குப் பக்கத்தில் சுமார் 3,500 வீடுகள் கட்டத் திட்டம் எழுந்தது. 2014-இல் சான் அன்டோனியோ நகரமும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் சேர்ந்து, 2 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அந்த 1,521 ஏக்கரை வாங்கித் திட்டத்தைத் தடுத்தன. நகரம் எப்படிக் கொடுத்தது? 2000-த்தில் வாக்காளர்களே ஒப்புக்கொண்டு, நீரடுக்கைக் காக்க ஒரு டாலர் விற்பனைக்கு எட்டில் ஒரு சென்ட் வரி தங்கள் மேல் போட்டுக்கொண்டார்கள். 2005, 2010, 2015 என மூன்று முறை நீட்டித்தார்கள். அந்தப் பணத்தில் பெரும்பகுதி நிலத்தை வாங்கச் செலவாகவில்லை. பண்ணை பண்ணைக்காரரிடமே இருக்கும். மாடு மேய்க்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். மனை போட்டுப் பிரிக்கக் கூடாது, குழிகளை மூடக் கூடாது. அந்த உரிமையை மட்டும் விட்டுக்கொடுப்பதற்கு விலை. குடிக்கிறவர் பணம் தருகிறார், காக்கிறவர் பெறுகிறார். இதைவிட நேர்மையான ஏற்பாடு தண்ணீர் விஷயத்தில் உலகில் அதிகமில்லை.

தமிழ்நாட்டு விவசாயிக்கு இந்தக் கதையின் வேர் அந்நியமில்லை. டெக்சஸ் நீதிமன்றம் பின்பற்றிய கோட்பாட்டின் மூலம் 1843-இல் வந்த ஓர் ஆங்கிலேயத் தீர்ப்பு. அதே கோட்பாடுதான் 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்திலும் இருக்கிறது. அந்தச் சட்டம் முதலில் அமலான பகுதிகளில் ஒன்று சென்னை மாகாணம். கிணறு யாருடைய நிலத்திலோ, தண்ணீர் அவருடையது. இதைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாடு 2003-இல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் 2013-இல் திரும்பப் பெறப்பட்டது.

சான் அன்டோனியோவோ நல்ல வழியைக் கண்டுபிடித்த பிறகு கையைச் சுருக்கிக்கொண்டிருக்கிறது. 2020-இல் அந்த எட்டில் ஒரு சென்ட் வரி வேலைவாய்ப்புப் பயிற்சிக்கும், அதன்பின் பொதுப் போக்குவரத்துக்கும் திருப்பிவிடப்பட்டது. நீரடுக்குப் பாதுகாப்புக்கு நகர நிர்வாகம் வேறு வழியில் ஒதுக்கியது ஆண்டுக்கு 1 கோடி டாலர். கடைசியாக வாக்காளர்கள் ஒப்புதல் தந்த 5 ஆண்டுகளின் ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட்டால் இது பாதி. குன்றுப் பகுதியில் மனைகள் ஏறிக்கொண்டே போகும் நேரத்தில் எடுத்த இந்த முடிவு தவறு. பேருந்தும் வேலையும் நகரத்துக்குத் தேவை; அவற்றுக்கு வேறு வருவாய் தேடலாம். விற்றுப்போன பண்ணையை, கான்கிரீட் ஊற்றிய குழியை மறுபடி வாங்க வழியில்லை. வரியை அதன் பழைய வேலைக்கே திருப்ப வேண்டும். திருப்ப முடியாவிட்டால், பழைய தொகைக்குக் குறையாமல் தண்ணீர்க் கட்டணத்திலிருந்து எடுத்துப் பண்ணைக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும்.