தட்டேந்துதல் இரத்தல் அன்று

சில மாதங்களுக்கு முன் ஒரு பிற்பகல். முதுகலை வகுப்பில் பொருநராற்றுப்படை நடத்திக்கொண்டிருந்தோம். கல்லூரி வாயிலுக்கு எதிரே மேளச் சத்தம். கழைக்கூத்தாடிக் குடும்பம் ஒன்று மூங்கில்களைக் கவைபோல் நட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தது. பாடம் காதில் விழவில்லை என்று மாணவர்கள் முணுமுணுக்கவே, காவலரை அனுப்பி அவர்களை அப்புறப்படுத்தச் சொன்னோம். மேளம் நின்றது. விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தோம். கரிகாலன் பொருநனைத் தேரேற்றி, அவன் பின்னே ஏழடி நடந்து வழியனுப்பும் இடம் அது. அன்று நமக்குக் கூசவில்லை. இன்று கூசுகிறது.

இதை ஆசிரியர் அறையில் சொன்னபோது கிடைத்த மறுமொழி: "பாணர் மரபு வேறு, இது வேறு. வித்தை காட்டிப் பிச்சை எடுப்பதைக் கலை என்று சொல்லிவிட முடியுமா?" படித்த தமிழர் பலரின் கருத்தும் இதுவே என்பதால்தான் இங்கே எழுத நேர்கிறது.

முதலில் அந்த வித்தையின் அரிச்சுவடியைப் பார்ப்போம். தெருவில் ஆடுபவருக்கு முதற்பாடம் இடம். மக்கள் விரைந்து கடக்கும் இடம் உதவாது. அவர்கள் நிற்கக்கூடிய இடம் வேண்டும். பேருந்து நிலையத்து ஓரம், சந்தை முடியும் முனை, முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர், தலைக்கு மேல் கொஞ்சம் நிழல். இரண்டாவது பாடம் வட்டம். மேளம் ஆளை நிறுத்தும். நின்ற பத்துப் பேர் அடுத்த நூறு பேரை நிறுத்துவர். மூன்றாவது பாடம் வரிசை. எளிய வித்தைகள் முன்னே, அரிய வித்தை கடைசியில். அந்தக் கடைசி வித்தைக்குச் சற்று முன்னர்த் தட்டு வலம் வரும். ஆட்டம் முடிந்த நொடியில் கூட்டம் கலைந்துவிடும் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாய்க் கற்ற உளவியல்.

இவ்வளவும் தேர்ந்த ஒரு தொழிலின் இலக்கணம். அரங்கில் நுழைவுச்சீட்டுக்குப் பணம் முதலில், கலை பிறகு. பிடிக்காவிட்டால் நட்டம் நமக்கு. தெருவிலோ கலை முதலில், பணம் பிறகு. விலையைப் பார்ப்பவரே நிர்ணயிக்கிறார். காசில்லாதவரும் பார்க்கலாம். கலைஞர்களுள் பண்டத்தை முன்னே கொடுத்துவிட்டு நம் நேர்மையை நம்பி நிற்பவர் இவரே. இவரையா இரப்பவர் என்கிறோம்?

பாணரும் இரவலர் எனப்பட்டவர்தாமே என்று கேட்கலாம். கேட்பவர்கள் புறநானூற்றின் 208-ஆம் பாட்டைத் திறக்கட்டும். தம்மை நேரில் காணாமல் அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுக்கிறார். தகுதியை அளந்தறிந்து தருவதாயின் மிகச் சிறிதும் இனிது என்பது அவர் நிலை. வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பாராமல் எறியும் காசு பிச்சை. பார்த்துவிட்டுத் தரும் காசு பரிசில். ஆகவே தட்டில் விழுவது எது என்பதைத் தட்டேந்துபவர் தீர்மானிப்பதில்லை, நாம் தீர்மானிக்கிறோம்.

சட்டமும் நம்மைப் போலவே பார்க்க மறுத்தது. 1959-ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம், பொதுவிடத்தில் பாடுதல், ஆடுதல், வித்தை காட்டுதல் ஆகியவற்றை முன்வைத்துப் பொருள் பெறுவதையும் பிச்சை என்றே வரையறுத்தது. தில்லிக்கும் நீட்டிக்கப்பட்ட அச்சட்டத்தில், பிச்சையைக் குற்றமாக்கும் பிரிவுகள் தில்லியைப் பொறுத்தமட்டில் செல்லா என்று அங்குள்ள உயர்நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. பாட்டையும் கூத்தையும் பிச்சைக்கான பாசாங்காகக் கண்ட அந்தப் பார்வை நம் மனங்களில் இன்னும் செல்லுபடியாகிறது.

மறுப்புகள் உண்டு. போக்குவரத்துக்கு இடையூறு என்பர். கட்சிக் கூட்டத்துக்கும் திருமண ஊர்வலத்துக்கும் ஒதுங்கி வழிவிடும் சாலை, அரைமணி நேரக் கூத்துக்கு மட்டும் ஏன் குறுகிவிடுகிறது?

குழந்தைகளைக் கயிற்றில் ஏற்றுகிறார்களே என்பர். இதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. அக்குழந்தைகள் பள்ளியில் இருக்கவேண்டும். ஆனால் பெற்றோரின் தொழிலுக்கு இடமும் மதிப்பும் தராமல் துரத்திக்கொண்டே இருந்தால், குழந்தை எந்த ஊர்ப் பள்ளியில் சேரும்?

நாட்டுப்புறக் கலைகளுக்குத்தான் விழா எடுக்கிறோமே என்பர். 2007-இல் தொடங்கி, சில ஆண்டுகள் நின்று, 2023-இல் மீண்ட சென்னை சங்கமத்தை நாமும் மகிழ்ந்தே வரவேற்கிறோம். ஆனால் அழைப்பின்பேரில் பூங்காவில் ஆடினால் கலைஞர், தாமாக வந்து தெருமுனையில் ஆடினால் பிச்சைக்காரர் என்பது என்ன நியாயம்? விழா முடிந்த மறுநாள் அவர் எங்கே ஆடுவார்? பொருநராற்றுப்படை தொடங்குவதே அந்த மறுநாளில்தான். விழா முடிந்த ஊரில் சோற்றுக்காகத் தங்காமல் வேறு நிலம் நோக்கிப் புறப்படும் பொருநனை விளித்தே நூல் ஆரம்பமாகிறது. அதே நூலில், பொருநர் இசைக்கும் பாலைப்பண் கேட்டு வழிப்பறிக் கள்வரும் படைக்கலத்தைக் கைவிடுகின்றனர். நாமோ காவலரை ஏவினோம்.

லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் இசைப்போருக்கு 2003 முதல் உரிமமும் நிற்பதற்குக் குறித்த இடமும் உண்டு. அங்கே போய்வரும் நம் நண்பர்கள் அதைப் படமெடுத்து வந்து வியக்கிறார்கள். வியப்பதற்கு முன் நம் சட்டம் ஒன்றையும் படிக்கலாம். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், தெருவில் பொதுமக்களுக்குச் சேவை வழங்குவோரையும் தன் வரையறைக்குள் கொண்டது. கூத்தும் சேவையே என ஏற்று, ஒவ்வொரு நகராட்சியும் நான்கு முனைகளையும் மாலையில் சில மணி நேரத்தையும் ஒதுக்கினால் போதும். பெருஞ்செலவு ஏதுமில்லை.

அரசுக்குச் சொன்னது அவ்வளவே. தமிழ் கற்பிக்கும் நமக்குச் சொல்ல வேண்டியது வேறு. பத்துப்பாட்டில் ஆற்றுப்படை ஐந்து. அவற்றுள் நான்கு, வழிநடந்து பிழைத்த கலைஞர்களை முன்னிறுத்தியவை. அவற்றைப் பாடமாக நடத்தி நாம் ஊதியம் பெறுகிறோம். அவ்வகையில் அந்தப் பாணரின் தட்டிலிருந்து உண்பவர்கள் நாமே. அடுத்த முறை வாயிலில் மேளம் கேட்டால் வகுப்பை நிறுத்தி மாணவர்களோடு வெளியே போவோம். முழுதும் நின்று பார்ப்போம். பார்த்ததற்குரியதைத் தட்டில் இடுவோம். அவர்கள் மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டு புறப்படும்போது ஏழடி உடன் நடப்போம். பொருநராற்றுப்படையை அதன்பின் நடத்தலாம்.