தொலையளவியல்: யார் யாரை அளப்பது?

முதுகலை மாணவர் ஒருவர், தம் கணினியின் அமைப்புப் பக்கத்தில் கண்ட 'டெலிமெட்ரி' என்னும் சொல்லுக்குத் தமிழ் என்ன என்று அண்மையில் வினவினார். 'தொலையளவியல்' என்றேன். "அப்படியானால் யார் யாரை அளக்கிறார்கள், ஐயா?" என்றார். உடனே விடை சொல்ல இயலவில்லை.

'டெலி' தொலைவு, 'மெட்ரான்' அளவு. இரண்டும் கிரேக்க வேர்கள். மனிதர் எளிதில் சென்றடைய முடியாத இடத்தில் ஒரு கருவி அளக்கும். அளந்ததை நமக்கு அனுப்பும். 1930இல் சோவியத் அறிஞர் பாவெல் மொல்சானவ் பறக்கவிட்ட பலூன், மேல்வளியின் நிலையை வானொலி வழியே தெரிவித்தது. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் 2023 நவம்பரில் பொருளற்ற குறிகளை அனுப்பத் தொடங்கியது. ஏறத்தாழ 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் நேர்ந்த நினைவகப் பழுதைப் பொறியாளர்கள் இங்கிருந்தே கண்டறிந்து, 2024 ஏப்ரலில் அதை மீண்டும் பேசவைத்தனர். தொலையளவியல் என்னும் சொல்லின் பெருமிதம் இத்தகைய செயல்களால் வந்தது.

மென்பொருள் உலகம் அதே சொல்லை எடுத்துக்கொண்டபோது திசை மாறிற்று. இங்கு அளக்கும் கருவி நம் கையில் இருக்கிறது. அளவு எங்கோ செல்கிறது. எந்தச் செயலியை எப்போது திறந்தோம், எங்கே பிழை நேர்ந்தது என்பன அனுப்பப்படுகின்றன. பிழை திருத்த இது பயன்படும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், விண்டோஸ் 10 எத்தகைய தரவை எதற்காகத் திரட்டுகிறது என்பதைப் பயனருக்குத் தெளிவாக உணர்த்தவில்லை என்று நெதர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் முடிவு கூறியதையும் மறப்பதற்கில்லை.

எல்லாத் தரவுத் திரட்டும் வேவு ஆகாது. ஆனால் வேவைக்கூட 'ஒற்றாடல்' என்று பெயரிட்டுத் தனி அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். செயலை அதன் பெயரால் அழைக்கும் அந்த நேர்மை கலைச்சொல்லாக்கத்துக்கும் வேண்டும்.

ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல்தான் இருக்கவேண்டும் என்று சிலர் வாதிடுவர். கலைச்சொல் பொருளுக்கு உரியது. ஆங்கிலச் சொல்லுக்கு உரியதன்று. விண்கலத்துக்கும் வானிலைக் கருவிக்கும் 'தொலையளவியல்' இருக்கட்டும். மென்பொருளில் 'பயன்பாட்டுத் தகவல் திரட்டல்' என்றே எழுதுவோம். சொல் நீளம்தான், ஆனால் யாருடைய பயன்பாடு என்ற கேள்வியை அது படிப்பவர் மனத்தில் எழுப்பும்.

பொருள் விளங்காத சொல்லின் கீழ் 'இசைகிறேன்' என்று பொத்தானை அழுத்துவது இசைவாகாது. அந்த மாணவருக்கு நான் தரவேண்டியிருந்த விடை இதுதான்.