செவிக்கு ஒரு செலவு

காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் கைக்கு வந்ததும், கிளிநொச்சியை அடுத்த சிற்றூரில் வாழும் அன்பர் ஒருவர் தம் மகனோடு நம்மைத் தேடி வந்தார். "ஐயா, வீட்டிலே பாட்டுக் கேட்க ஒரு சோடி ஒலிபெருக்கி வாங்க எண்ணியிருக்கிறோம். கையில் 30,000 ரூபாதான் உண்டு. கடையிலே 3,000 வாற்று என்று எழுதிய பெரிய பெட்டியைக் காட்டுகிறார்கள். மிகுதிப் பணத்தைத் தவணையிற் கட்டலாமாம். மகன் அதுதான் வேண்டுமென்று நிற்கிறான். எடுக்கலாமோ?" என்று கேட்டார். அவருக்கு நாம் கூறிய மறுமொழி வேறு குடும்பங்களுக்கும் பயன்படலாமாதலின் இவ்வாரம் அதனையே எழுதுகிறோம்.

முதலில் அந்த 3,000 வாற்றை எடுத்துக்கொள்வோம். போர்க்காலத்தில் வன்னியில் மின்சாரம் இல்லை. பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயிருந்தன. அந்நாளில் நம்மவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தைக் கொண்டு வானொலி கேட்டனர். சைக்கிள் டைனமோ தரவல்லது ஏறத்தாழ 3 வாற்று. அந்தச் சிறு வலுவைக் கொண்டே பி.பி.சி. தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் ஒலிபரப்பையும் முற்றத்திற் கூடிய அயலவர் யாவரும் கேட்டனர். நம் அன்பரும் அன்று சைக்கிள் சுழற்றியவர்களுள் ஒருவரே. மூன்று வாற்றில் ஊரே செய்தி கேட்டதென்றால், பத்துப் பேர் அமரும் விறாந்தைக்கு மூவாயிரம் வாற்று எதற்கு?

உண்மையில் அப்பெட்டி மூவாயிரம் வாற்றுத் தருவதுமில்லை. 'பி.எம்.பி.ஓ.' என்று அச்சிடப்படும் எண், ஒரு கணப்பொழுது உச்சத்தை மனம்போனபடி பெருக்கிச் சொல்வதாகும். 'ஆர்.எம்.எஸ்.' என்று குறித்திருப்பதே தொடர்ந்து தரக்கூடிய வலு. அதனையே கேட்டறிதல் வேண்டும். அன்றியும், வாற்றை இரட்டித்தால் ஒலி இரட்டிப்பதில்லை. 3 டெசிபெல் மட்டுமே கூடும். நம் செவிக்கு ஒலி இருமடங்காகத் தோன்ற வேண்டுமாயின் ஏறத்தாழப் பத்து மடங்கு வலு வேண்டும். இதனாற்றான் விவரம் அறிந்தவர் ஒலிபெருக்கியின் 'உணர்திறனை' முதலிற் பார்ப்பர். 1 வாற்றுக் கொடுத்து 1 மீற்றர் தூரத்தில் அளக்கும்போது 90 டெசிபெல் தரும் பெட்டி, 87 டெசிபெல் தரும் பெட்டிக்கு வேண்டிய வலுவிற் பாதியிலேயே அதே ஒலியைத் தந்துவிடும்.

இனி, ஒன்றா இரண்டா என்ற வினா. இன்றும் பெரும்பாலான பெட்டிகளில் உள்ள அசையும் சுருள் ஒலிபெருக்கியின் வடிவத்தை அமெரிக்காவின் றைஸ், கெலொக் என்னும் இருவர் 1925இல் வெளியிட்டனர். கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியதும் அதே ஆண்டிலேதான். பின்னர் 1931இல் இங்கிலாந்துப் பொறியியலாளர் அலன் புளும்லீன், இரு செவிகளுக்கேற்ப இரு வழிகளில் ஒலியைப் பதிந்து இரு பெட்டிகளில் ஒலிக்கச் செய்யும் ஸ்ரீரியோ முறைக்கு உரிமம் கோரினார். நாதசுரம் ஒரு புறமும் தவில் மறுபுறமுமாக நம் முன்னே அமர்ந்து வாசிப்பதுபோன்ற தோற்றம் இதனாற் பிறக்கின்றது. ஆகவே ஒரு பெரிய பெட்டியினும் இரண்டு சிறிய நல்ல பெட்டிகளே மேல். பெருக்கி உள்ளேயே அமைந்த சோடியாயின் அதற்கென வேறு செலவும் இல்லை. பழைய பெட்டி வாங்குவோர் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பை நன்கு பார்க்க வேண்டும். நமது வெப்பத்திலும் ஈரத்திலும் நுரை விளிம்பு உதிர்ந்துவிடும். 'ஓம்' அளவும் பெருக்கி தாங்கும் அளவிற்குக் குறையாதிருத்தல் வேண்டும்.

இவ்வளவும் கூறியபின் அவர்களுடன் கடைக்குச் சென்றோம். பலவண்ண விளக்குகள் மின்னும் பெரிய பெட்டியையும், விளக்கொன்றுமில்லாத சிறு சோடியையும், ஒலியளவை ஒன்றாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கச் செய்தோம். ஒலி சற்று உயர்ந்த பெட்டி எதுவாயினும் அதுவே நல்லதென்று செவி ஏமாறும், ஆதலின் இவ்வெச்சரிக்கை. மகனைக் கண்ணை மூடிக் கேட்குமாறு கூறினோம். முதலிற் செய்தி வாசிப்பு. அடுத்து அவன் நன்கறிந்த தவில் வாசிப்பு. தொப்பி அடி குமுறாமலும் வலந்தலைச் சொற்கள் கலங்காமலும் கேட்டது எதிலென்று வினவினோம். அவன் சிறு சோடியையே சுட்டினான். கண்ணைத் திறந்ததும் சிறிது வெட்கப்பட்டான், பின் சிரித்தான்.

அதன் விலை 30,000 ரூபாவிற்குள் அடங்கிற்று. தவணைக்கு இடமே நேரவில்லை. இதனை நாம் சிறு செய்தியாகக் கருதவில்லை. 2009இன் பின் கண்டி வீதி வழியே பொருள்களோடு கடனும் வன்னிக்கு வந்தது. நுண்கடன் பெற்று நலிந்த பெண்களுக்கு 2018இல் அரசே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. 2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவிற்கு ஏறியபோது இறக்குமதிப் பொருள் யாவும் விலையேறின. பாட்டுக் கேட்க வாங்கிய பெட்டி, மாதந்தோறும் வாசலில் வந்து நிற்கும் வசூலிப்பாளரின் குரலைக் கேட்கச் செய்யுமாயின் அதில் என்ன இனிமை?

வீட்டில் வைக்கும் முறையும் உண்டு. இரு பெட்டிகளும் கேட்பவரும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாக, பெட்டிகள் அமர்ந்திருப்போரின் செவி உயரத்தில் இருக்கட்டும். மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி வீணே பெருகும். சீமெந்து நிலமும் தகரக் கூரையும் ஒலியை எதிரொலிக்கும். ஒரு பனையோலைப் பாயும் தடித்த திரைச்சீலையும் அதனைப் பெரிதும் தணிக்கும். இவற்றிற்கு ஆகும் செலவு சொற்பம்.

கடைசியாக ஒன்று. அடுத்த வீட்டிலே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம். ஓசையைக் கேட்டாலே திடுக்கிடும் முதியவரும் நம் ஊர்களிற் பலர். ஒரு காலத்தில் நம்மவர் செவியைத் தீட்டிக் கேட்டது உயிருக்காக; இன்று மனநிறைவுக்காகக் கேட்கிறோம். அந்நிறைவு நம் வேலிக்குள் அடங்கும் அளவில் ஒலிக்கட்டும்.