திரை வந்தால் போதுமா? மலையகத் தொலைமருத்துவமும் கருவிகளைக் காக்கும் பொறியியலாளர்களும்

மேல் டிவிஷன் லயனில் ஒருவருக்கு இரவில் நெஞ்சுவலி வந்தால், கிடைக்கும் லொறியிலோ முச்சக்கரவண்டியிலோ ஏற்றி, குண்டும் குழியுமான தோட்டப் பாதையில்தான் கீழே கொண்டுவர வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு வந்த மண்சரிவுகள் மலையகத்தின் பல பாதைகளையே துண்டித்தன. வைத்திய நிபுணரைத் திரைவழியே தோட்டத்துக்குக் கொண்டுவரும் தொலைமருத்துவம் இங்கு ஆடம்பரம் அல்ல, அவசியம்.

ஆனால் தொலைவில் இருக்கும் நிபுணர், கருவி அனுப்பும் அளவை நம்பியே முடிவெடுக்கிறார். இரத்த அழுத்தக் கருவி பிழையாகக் காட்டினால், மருந்தும் பிழைக்கும். மலையகத்தின் ஈரப்பதன், இடிமின்னல், ஏறி இறங்கும் மின்னழுத்தம் எல்லாம் கருவிகளைப் பதம்பார்ப்பவை. தேய்ந்த ஈசிஜி வயரை மாற்றவும், அளவைச் சரிபார்க்கவும், பற்றரியைக் கவனிக்கவும் உயிர்மருத்துவப் பொறியியலாளரும் தொழில்நுட்பவியலாளரும் வேண்டும்.

இது வறிய நாடுகளின் பொதுப் பிரச்சினை. 16 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2011இல் வெளியான ஆய்வு, மருத்துவக் கருவிகளில் சுமார் 38 வீதமானவை இயங்காமல் கிடந்ததாகக் காட்டியது. பயிற்சி, பராமரிப்பு நிர்வாகம், உட்கட்டமைப்பு ஆகியவற்றின் குறைபாடுகளே முக்கிய காரணங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரிக்கும் எரிபொருளுக்கும் தவித்த வன்னி மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து அங்கு வந்து குடியேறியவர்களும் அந்த மக்களில் அடங்குவர்.

இந்திய உதவியில் கட்டப்பட்ட 150 படுக்கைகள் கொண்ட டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டது. கட்டடம் திறக்கும் நாளில் எல்லோரும் வருகிறார்கள். கருவி பழுதாகும் நாளில் யார் வருவது? சுகாதார அமைச்சின் உயிர்மருத்துவப் பொறியியல் சேவைப் பிரிவின் தலைமையகம் கொழும்பில் இருக்கிறது. தோட்ட நிர்வாகத்தின் கீழ் உள்ள சிகிச்சை நிலையங்களின் கருவிகளுக்கு யார் பொறுப்பு என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

ஆகவே மலையகத்துக்குத் தொலைமருத்துவம் என்று யார் வாக்குறுதி தந்தாலும், மூன்று விடயங்களைக் கேட்போம். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ தங்கிப் பணிபுரியும் தொழில்நுட்பவியலாளர் உண்டா? பழுதான கருவிக்குப் பதிலாக உடனே தர மாற்றுக் கருவி உண்டா? ஐந்தாவது ஆண்டின் பராமரிப்புக்கும் இன்றே பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? அந்தப் பணிகளுக்குத் தோட்டத்து இளைஞர் யுவதிகளையே பயிற்றுவித்தால், கருவியும் பிழைக்கும். ஒரு தலைமுறைக்குத் தொழிலும் கிடைக்கும்.